4294967297 ஐப் பிரித்த சைக்கிள் சங்கிலிகள்

2 இன் 32 ஆம் வலுவுடன் 1 ஐக் கூட்டினால் வருகின்ற 4294967297 என்ற பத்து இலக்க எண்ணை இரண்டு காரணிகளாகப் பிரிப்பதற்கென்று, துவிச்சக்கர வண்டிச் சங்கிலிகளைக் கொண்டு நான் கட்டிய சல்லடைப் பொறி ஒருவழியாகச் சரியான பல்லில் ஒலித்து நின்றது. விடை புதியதல்ல. 2 இன் வலு 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துச் செல்ல, அதனுடன் 1 ஐக் கூட்டினால் வரும் இந்த வகை எண்கள் யாவும் முதன்மை எண்களே என்று 1640 அளவில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா நம்பினார். இந்த எண்ணை 641 மீதியின்றி வகுக்கும் என்று 1732 இல் சுவிஸ் கணிதவியலாளர் ஒய்லர் காட்டினார். பொறியின் யோசனையும் என்னுடையதல்ல. 1926 இல் அமெரிக்காவில் கணிதவியலாளர் டெரிக் ஹென்றி லேமர் வெவ்வேறு நீளமுள்ள சைக்கிள் சங்கிலிகளை ஒரே தண்டில் தொங்கவிட்டு, அவற்றில் பொருத்திய முனைகள் எல்லாம் ஒரே வேளையில் மின்சுற்றை மூடும் இடத்தைத் தேடும் சல்லடையை உருவாக்கினார். அதை யாழ்ப்பாணத்துச் சைக்கிள் கடையிலும் லேத் பட்டறையிலும் கிடைப்பவற்றைக் கொண்டு, ஒரு மேசையின் மேல் வைக்கும் அளவுக்குச் சுருக்க முடியுமா என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

அளவைச் சுருக்க இடந்தந்தது அந்த எண்ணின் தன்மைதான். அதிலிருந்து 2 ஐக் கழித்தால் வரும் 4294967295, கணினியின் 32 பிற்றுகளில் அடங்கும் மிகப் பெரிய முழுவெண். அது 3 × 5 × 17 × 257 × 65537 என்று அழகாகப் பிரியும். ஆகையால் இந்த ஐந்து முதன்மை எண்களில் எதனால் வகுத்தாலும் நம் எண் 2 ஐ மீதியாகத் தரும்; சிறிய எண்களால் வகுத்துப் பார்ப்பவருக்கு இது ஆரம்பத்திலேயே சலிப்பைத் தரும். இன்னொரு தன்மை: இந்த எண்ணை 65536 இன் வர்க்கத்துடன் 1 ஐக் கூட்டியும் எழுதலாம், 62264 இன் வர்க்கத்துடன் 20449 இன் வர்க்கத்தைக் கூட்டியும் எழுதலாம். ஒரு முதன்மை எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரு வழிக்கு மேல் எழுதவே முடியாது என்பதால், இது முதன்மை எண் அல்ல என்பதை அந்த ஒரு வரியே நிறுவிவிடுகிறது. ஆனால் அந்த இரண்டாவது சோடியைக் கையால் தேடுவது காரணியைத் தேடுவதைவிட இலகுவான வேலை அல்ல.

முதற் கட்டம் தாளில் நடந்தது. ஒற்றை எண் ஒன்று இரண்டு காரணிகளின் பெருக்கமானால், அதை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம். முதலாவது வர்க்கத்தின் வர்க்கமூலம் அந்தக் காரணிகளின் கூட்டுத்தொகையில் பாதி. அந்தப் பாதியைத் தேடுவதே வேலை. அது 65536 இலிருந்து ஒவ்வொன்றாக ஏற வேண்டுமென்றால் எந்தச் சங்கிலியும் தாங்காது. இங்கே 1878 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா கண்ட விதி கை கொடுத்தது. அதன்படி இந்த எண்ணின் காரணி ஒவ்வொன்றையும் 128 ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டு காரணிகளுக்கும் அது பொருந்துவதாலும், அவற்றின் பெருக்கம் 2 இன் 32 ஆம் வலுவைவிட ஒன்றே ஒன்று கூடியது என்பதாலும், அவற்றின் கூட்டுத்தொகையில் பாதியை 8192 ஆல் வகுத்தாலும் மீதி 1 ஆகவே இருக்க வேண்டும். ஆகவே நான் ஏற வேண்டிய படி ஒவ்வொன்றும் 8192 உயரம். படியின் எண்ணை ‘ப’ என்று வைத்துச் சுருக்கியபோது, கடைசியில் நின்ற நிபந்தனை ஒன்றே ஒன்று: 4096 × ப × ப + ப − 262144 என்பது ஒரு வர்க்க எண்ணாக இருக்க வேண்டும். ப எட்டுக்குக் குறைந்தால் இது மறை எண்ணாகிவிடும். எண் உண்மையில் முதன்மையாக இருந்திருந்தால், ப 262144 ஆகும் வரை, அதாவது நொடிக்கு ஒரு படியாகச் சுற்றினால் மூன்று நாளுக்குச் சற்று மேலாக, பொறி உண்மையான விடை எதுவும் தராது.

வர்க்க எண்ணா என்று ஒவ்வொரு படியிலும் கணித்துப் பார்ப்பதற்குப் பதிலாக, சிறிய எண்களால் வகுத்த மீதியைப் பார்த்துக் கழித்துவிடுவதே சல்லடையின் வேலை. எடுத்துக்காட்டாக, 7 ஆல் வகுத்தால் வர்க்க எண் ஒன்றுக்கு 0, 1, 2, 4 ஆகிய மீதிகளே வரலாம். மேலே சொன்ன கோவையில் ப இன் ஏழு மீதிகளையும் இட்டுப் பார்த்தால் 1, 3, 5 ஆகிய மூன்று மட்டுமே தப்புகின்றன. அதேபோல 5 க்கு 0, 4. 11 க்கு 2, 3, 5, 6, 9, 10. 13 க்கு 0, 1, 3, 6, 9, 11, 12. 3 க்கு 1 மட்டும். 8 க்கு 0, 1, 4. இந்தக் கடைசி இரண்டையும் சேர்த்து 24 என்று ஒரே சங்கிலியாக்கியபோது, இருபத்துநான்கு இடங்களில் 1, 4, 16 என்ற மூன்று மட்டுமே மிஞ்சின. ஒரு சங்கிலி எட்டில் ஏழு பங்கைத் தனியே கழித்துவிடுகிறது. இதைக் கண்ட பிறகுதான் பெரிய பொறி தேவையில்லை என்ற நம்பிக்கை வந்தது.

இனிச் சங்கிலிக்கு வருவோம். சாதாரண சைக்கிள் சங்கிலியின் கண்ணி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். வெளித்தகட்டுக் கண்ணியும் உள்தகட்டுக் கண்ணியும் மாறி மாறி வருவதால், வளையமாகப் பூட்டும் சங்கிலியில் கண்ணிகளின் தொகை இரட்டை எண்ணாகவே இருக்க வேண்டும். 11 கண்ணியில் வளையம் செய்ய முடியாது; 22 இல் செய்யலாம், மீதிகள் இரண்டு சுற்றாகத் திரும்பி வரும். ஆனால் 18 பல்லுள்ள சில்லில் 22 கண்ணி வளையம் தொங்குவதே இல்லை. அடிப்பக்கப் பற்களிலும் ஒட்டிக்கொண்டு, சுற்றும்போது ஏறி இறுகிவிடுகிறது. கண்ணிகளைக் கூட்டிக் கூட்டிப் பார்த்ததில் 30 இலிருந்து மேலே தாராளமாக ஓடியது. ஆகவே 24 க்கு 48, 5 க்கு 30, 7 க்கு 42, 11 க்கு 44, 13 க்கு 52 என்று முடிவு செய்தேன். மொத்தம் 216 கண்ணிகள். கடையில் வரும் புதுச் சங்கிலியில் 112 கண்ணி இருப்பதால் இரண்டு சங்கிலி போதும்; எட்டுக் கண்ணி மிச்சம்.

பழைய சங்கிலியைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: தேய்ந்து நீண்டிருப்பது பிரச்சினை அல்ல, ஏனெனில் பொறி நீளத்தை அளப்பதில்லை, பல்லை எண்ணுகிறது. துருப்பிடித்து மடங்க மறுக்கும் கண்ணிதான் பிரச்சினை. அது சில்லின் மேல் சரியாக உட்காராமல் அரைப் பல் உயர்ந்து நிற்கும். புதிதாகவே வாங்கினேன்.

சில்லுகளுக்கு, கழித்துப்போட்ட பிறீவீல்கள் ஆறு கிடைத்தன. எல்லாமே 18 பல். பிறீவீல் ஒரு பக்கம் வழுக்கிச் சுழல்வதற்கென்றே செய்யப்பட்டது. இங்கே அது துளியும் வழுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் நாக்குகளை ஒட்டிவிடச் சொன்னபோது பட்டறைக்காரர், “பிறீவீலை ஒட்டிப்போட்டு என்னத்தைத் தம்பி ஓடப்போறீர்?” என்று கேட்டாலும், வேலையைச் சுத்தமாகச் செய்து தந்தார். ஒவ்வொன்றுக்கும் லேத்தில் ஒரு புஷ் கடைந்து, முக்கால் அங்குலத் தண்டில் இரண்டரை அங்குல இடைவெளியில் ஏற்றினோம். ஒட்டுவதற்கு முன், ஆறு சில்லுகளின் பல்லிடுக்குகளிலும் ஒரே நேரான கம்பி படிந்து கிடக்கும்படி வைத்துத்தான் முதற் புள்ளி ஒட்டு வைத்தோம். பற்கள் ஒரே வரிசையில் இல்லாவிட்டால் ஐந்து சங்கிலிகளும் ஒரே வேளையில் ‘படி’யில் நிற்காது; பின்னால் திருத்தவும் முடியாது. ஆறாவது சில்லில் சங்கிலி இல்லை. வாள் அலகு ஒன்றை ஒடித்து வில்லாக வைத்து, அதன் நுனி ஒவ்வொரு பல்லிடுக்கிலும் விழுந்து நிற்கும்படி செய்தேன். கைபிடியைச் சுற்றும்போது ஒவ்வொரு படியும் ‘டக்’ என்று விரலுக்குத் தெரியும்.

சட்டத்துக்குப் பனஞ்சலாகைத் துண்டுகள். வைரம் பாய்ந்த பனையில் துளையிடுவது இரும்பில் துளையிடுவதைவிடச் சிரமம். துறப்பண அலகு சூடேறிக் கருகும் மணம் வந்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும். ஆனால் தண்டைத் தாங்கும் இரண்டு பெயரிங்குகளும் அதன்பின் அசையவில்லை. 52 கண்ணி வளையம் தண்டிலிருந்து ஏறக்குறைய 27 சென்ரிமீற்றர் தொங்குவதால், தண்டை 18 அங்குல உயரத்தில் வைத்தேன்.

அடுத்தது முனைகள். தப்பிப் பிழைக்கும் மீதிகளுக்குரிய கண்ணிகளில் மட்டும், பக்கத் தகட்டின் முகத்தில் ஒரு சிறு மேடு வேண்டும். 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள பித்தளை றிவெட் தலைகளை 2 மில்லிமீற்றர் உயரத்துக்கு அறுத்து, இரண்டு குழாய்களில் வரும் எப்பொக்சிப் பசையால் ஒட்டினேன். புதுச் சங்கிலியில் கொழுப்பு பூசியே வரும்; மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, பிறகு பெற்றோலால் துடைத்து, தகட்டை மணற்றாளால் கீறிய பிறகே பசை பிடிக்கும். 48 கண்ணியில் 6, 30 இல் 12, 42 இல் 18, 44 இல் 24, 52 இல் 28 என மொத்தம் 88 மேடுகள். வளையத்தைப் பூட்டும் லொக் கண்ணியின் கிளிப் பக்கத்தை மேடு இல்லாத மறுபக்கத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கிளிப்பே ஒரு பொய் மேடாகிவிடும். ஒவ்வொரு வளையத்திலும் எண்ணத் தொடங்கும் பூச்சியக் கண்ணிக்கு வெள்ளை மை. அந்தக் கண்ணி எல்லாவற்றிலும் வெளித்தகட்டுக் கண்ணியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன், பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும் என்பதைத் தவிர அப்போது வேறு காரணம் இருக்கவில்லை.

ஒவ்வொரு சில்லின் உச்சியிலும் பக்கவாட்டில் ஒரு மைக்ரோ சுவிட்ச், அதன் நெம்பு நுனியில் உருளை. ஐந்தும் தொடராக இணைந்து, 9 வோல்ற் பற்றரி, ஒரு சிவப்பு எல்.ஈ.டி., ஒரு பசர். மின்சாரம் இல்லாத 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் என்பதால் டைனமோவையே பூட்டலாமே என்று ஆசைதான். ஆனால் பல்லுக்குப் பல் நின்று நின்று சுற்றும் தண்டில் டைனமோ ஒன்றும் தராது. எண்ணுவதற்கு மலிவான கல்குலேற்றர் ஒன்றைத் திறந்து, சமன் விசையின் இரு முனைகளிலிருந்தும் கம்பி எடுத்து, கைபிடிப் பக்கம் ஒரு சுவிட்சில் இணைத்தேன். 1 + 1 என்று தொடங்கி வைத்தால், பல் ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒன்று கூடும்; முதல் அழுத்தத்திலேயே 2 காட்டும் என்பதால், தண்டு ஒரு பல் நகர்ந்த நிலையில் அதைத் தொடக்கி வைப்பது முறை.

முதலில் பசர் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சின்னதாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. 13 இன் சங்கிலியில் 11, 12, 0, 1 என்று அடுத்தடுத்து நான்கு மேடுகள் இருப்பதால், சங்கிலி நகரும்போது நெம்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் சுற்றை மூடிவிடுகிறது. வாள் அலகு பல்லிடுக்கில் முழுவதும் விழுந்தால் மட்டும் மூடும் இன்னொரு சுவிட்சைத் தொடரில் சேர்த்ததும் அது நின்றது.

பிறகு நடந்த ஓட்டம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. பொறி 64 இல் தெளிவாக ஒலித்தது. அதைத் தாளில் சரிபார்த்தேன்: கோவையின் பெறுமானம் 16515136, 4063 இன் வர்க்கம் 16507969, 4064 இன் வர்க்கம் 16516096, இரண்டுக்கும் இடையில் விழுகிறது, வர்க்க எண் அல்ல. ஐந்து சங்கிலிகளுக்கு இப்படி ஒரு தப்பித்தல் எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் ஒய்லரின் 641 இலிருந்து பின்னோக்கிக் கணித்தால் விடை இருக்க வேண்டிய 409 ஐப் பொறி சத்தமே இல்லாமல் கடந்து போனது.

திரும்பவும் 409 இல் நிறுத்தி ஒவ்வொரு நெம்பாகப் பார்த்தேன். ஐந்து சங்கிலிகளிலும் உருளைக்கு நேரே மேடு இருந்தது. மீதிக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஒரு சுவிட்ச்கூட அழுந்தியிருக்கவில்லை. வேணியர் இடுக்கிமானியால் அளந்தபோது விடயம் வெளித்தது. உள்தகட்டுக் கண்ணியின் முகம் வெளித்தகட்டின் முகத்தைவிட ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் உள்ளே இருக்கிறது. அதன் மேல் ஒட்டிய மேட்டுக்கு நெம்பு எட்டவில்லை. எல்லா வளையங்களிலும் கண்ணிகள் இரட்டைத் தொகை, பூச்சியக் கண்ணி எல்லாவற்றிலும் வெளித்தகடு. ஆகவே ப இரட்டை எண்ணாக இருக்கும்போது ஐந்து உருளைகளும் வெளித்தகட்டின் மேல் நிற்கும். ஒற்றையாக இருக்கும்போது ஐந்தும் உள்தகட்டின் மேல் நிற்கும். 64 இரட்டை, 409 ஒற்றை. அழகுக்கென்று வெள்ளை மையை ஒரே வகைக் கண்ணியில் வைத்ததால், பொறி ஒற்றைப் படிகள் முழுவதற்கும் செவிடாக இருந்திருக்கிறது. வெள்ளைக் கண்ணிகளைக் கலந்து வைத்திருந்தால் குறை இன்னும் மோசமாக ஒளிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்; அப்போது 64 உம் ஒலித்திராது, பிழை மீதிக் கணக்கிலா கம்பியிலா என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிரித்திருப்பேன்.

உள்தகட்டில் இருந்த 43 மேடுகளையும் சூடாக்கிக் கழற்றி, அடியில் 1 மில்லிமீற்றர் பித்தளை வோஷர் வைத்து மறுபடி ஒட்டினேன். பசை இறுகியதும் வெள்ளைக் கண்ணிகளை உச்சிக்குக் கொண்டுவந்து, பூச்சியத்திலிருந்து சுற்றினேன். 64 இல் ஒலி. அதன் பின் நீண்ட மௌனம். கல்குலேற்றர் 409 காட்டியபோது சிவப்பு வெளிச்சமும் ஒலியும் ஒன்றாக வந்தன. நிதானமாகச் சுற்றினால் முழு ஓட்டமும் ஏழு நிமிடத்துக்குள் அடங்குகிறது.

மிச்சம் தாளில். 409 ஐக் கோவையில் இட்டால் 684921241; அது 26171 இன் வர்க்கம். காரணிகளின் கூட்டுத்தொகையில் பாதி 8192 × 409 + 1, அதாவது 3350529. வித்தியாசத்தில் பாதி 128 × 26171, அதாவது 3349888. கழித்தால் 641, கூட்டினால் 6700417. எட்டு இலக்கக் கல்குலேற்றரில் பெருக்கம் கொள்ளாது என்பதால் கையால் பெருக்கினேன்: 4020250200, 268016680, 6700417 ஆகிய மூன்று வரிகளையும் கூட்ட 4294967297 வந்தது.

செலவு: சங்கிலி இரண்டும் 2,800 ரூபாய், பழைய பிறீவீல்கள் 1,500, தண்டும் பெயரிங்குகளும் 1,900, லேத்தும் ஒட்டு வேலையும் 3,500, சுவிட்சுகள் ஏழு 840, பசர், பற்றரி, கம்பி எல்லாம் 650, கல்குலேற்றர் 550, பசை 780, றிவெட்டும் வோஷரும் 400. ஆக 12,920 ரூபாய். பனஞ்சலாகை வீட்டில் கிடந்தது. கூடுதலாகத் தின்றது லேத் கூலி. புஷ்களைத் தவிர்த்து, சில்லுகளை ஒன்றோடொன்று குழாய்த் துண்டுகளால் இணைத்திருந்தால் அதில் பாதி மிஞ்சியிருக்கும்.

இதைவிட இலகுவான வழி இருக்கிறதே என்று யாரும் சொல்லத் தேவையில்லை, நானே சொல்லிவிடுகிறேன். காரணியை 128 ஆல் வகுத்தால் மீதி 1 என்று தெரிந்த பிறகு, அப்படிப்பட்ட முதன்மை எண்களை வரிசையாக எடுத்தால் முதலாவது 257, இரண்டாவதே 641. இரண்டு வகுத்தல்களில் முடியும் கணக்குக்கு நான் 409 பல் சுற்றுகிறேன். காரணிகள் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கும் எண்களில்தான் இந்தப் பொறி சிறக்கும். இந்த எண்ணின் காரணிகளோ ஒன்று மூன்று இலக்கம், மற்றது ஏழு இலக்கம். இதே குடும்பத்தில் அடுத்ததான, 1880 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லான்ட்ரி பிரித்த 18446744073709551617 ஐ இதே முறையில் தேடினால், காரணிகளான 274177 உம் 67280421310721 உம் வெளிப்படும் படி 1026617761 ஆவது. நொடிக்கு ஒரு பல் என்றால் 32 ஆண்டுகளுக்கு மேல். மோட்டர் பூட்டிப் பத்து மடங்கு வேகமாக்கினாலும் மூன்று ஆண்டு. அதற்குள் சங்கிலி தேய்ந்துவிடும்.

அடுத்த முறை மாற்றப்போவது இரண்டு. முதலாவது, 17 க்கு ஒரு சங்கிலி. 34 கண்ணி போதும், மிச்சமான எட்டுடன் 26 கண்ணி வாங்கினால் சரி. 64 ஐ 17 ஆல் வகுத்தால் மீதி 13. அந்த மீதி அனுமதிக்கப்படாதது, ஆகவே பொய் ஒலி நின்று 409 மட்டும் ஒலிக்கும். இரண்டாவதும் முக்கியமானதும், மேடுகளை ஒட்டக் கூடாது. இப்போதைய 88 மேடுகளும் 4294967297 என்ற ஒரே எண்ணுக்கு மட்டுமே பொருந்தும். வேறு எண்ணுக்கு மீதிகள் மாறும், எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும். 2 இன் 23 ஆம் வலுவில் 1 ஐக் கழித்தால் வரும் 8388607 ஐ அடுத்து எடுக்க விருப்பம். அது 47 × 178481, இதேபோன்ற சுருக்கத்தில் 1058 உயரமுள்ள படிகளாக ஏறினால் 84 ஆவது பல்லில் ஒலிக்க வேண்டும். அதற்கென்று 1 மில்லிமீற்றர் செப்புக் கம்பியை வளைத்து, தகட்டின் இடுப்பில் கவ்வி நிற்கும் கிளிப்புகள் சிலவற்றைச் செய்து பார்த்திருக்கிறேன். வெளித்தகட்டில் நன்றாக நிற்கின்றன. உள்தகட்டில் போடும்போது கம்பி பல்லில் உரசுகிறது, ஆகவே 0.7 மில்லிமீற்றர் கம்பி தேடிக்கொண்டிருக்கிறேன்.